மூளைக்குக் காந்தம், மலைக்குத் தூரம்

மருந்துக்கு அசையாத மனச்சோர்வுக்கு வந்திருக்கும் காந்த சிகிச்சை ஞாபகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் கேரள எல்லையோரத் தமிழர்களுக்கு அது இன்னும் முப்பது நாள் பயணத் தொலைவில் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால், டாக்டரின் சீட்டில் ஏறுவதற்கு வெகு முன்பே அது தராசில் தெரிந்துவிடக்கூடும். மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்களில் கொழுந்து பறிப்பது பார்ப்பதற்குத்தான் வெறும் கை வேலை. இரண்டு இலை, ஒரு மொட்டு எது, முற்றிய இலை எது என்று கண் பிரித்துக்கொண்டே போக வேண்டும். சரிவில் கால் வழுக்காமல் நிற்க வேண்டும். இன்னும் எத்தனை கிலோ பாக்கி என்று மனசு கணக்குப் போட்டபடி இருக்க வேண்டும். மனச்சோர்வு முதலில் கை வைப்பது இந்தக் கவனத்தில்தான். கை மெதுவாகிறது. சாயங்காலம் எடை குறைகிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டு எதை வாங்க வந்தோம் என்று யோசிக்க நேர்கிறது. 'சோம்பேறி' என்ற பெயர் சீக்கிரம் வந்துவிடும். 'நோயாளி' என்ற பெயர் வர வருடங்கள் ஆகலாம்; வராமலே போகவும் செய்யலாம்.

அப்படி ஒருவர் எப்படியோ டாக்டரிடம் போய்ச் சேர்ந்து, ஒரு மருந்தை முறையாகச் சாப்பிட்டு, பலன் இல்லாமல் இரண்டாவது மருந்துக்கு மாறி, அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவ உலகம் அதை 'எளிதில் வசப்படாத மனச்சோர்வு' என்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டு வரும் சிகிச்சை, டிஎம்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் காந்தத் தூண்டல். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருள். மயக்க மருந்து இல்லை, கத்தி இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் இது பயன்பட்டு வருகிறது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2023-ல் இதற்கென்று வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது.

இந்தச் சிகிச்சையைப் பற்றி நோயாளியின் வீட்டார் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். மூளையில் காந்தம் வைத்தால் ஞாபகம் போய்விடாதா? மங்கிப்போன புத்தி திரும்பக் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் ஓரளவு தெளிவான பதில் இப்போது உண்டு. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அது பாலக்காடு, இடுக்கி எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது: அங்கே போய்ச் சேருவது எப்படி?

சுருளும் கட்டைவிரலும்

கருவியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடப் பாடம்தான். இங்கே அந்தக் கடத்தி, மூளை நரம்பு. எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றிய செம்புச் சுருளைத் தலையின் மீது வைத்து, அதில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினால், எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியின் காந்தத்துக்கு நிகரான வலுவில் ஒரு துடிப்பு எழுகிறது. அது மண்டை ஓட்டைக் கடந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் 1985-ல் இதைச் செய்து காட்டினார்கள். மூளையில் கையை அசைக்கும் பகுதிக்கு மேலே சுருளை வைத்துத் துடிப்பு கொடுத்ததும், எதிர்ப்பக்கத்துக் கை தானாகத் துள்ளியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1995-ல், அமெரிக்க டாக்டர் மார்க் ஜார்ஜ் குழுவினர் இதே துடிப்பை முன்மூளையின் இடது பக்கத்துக்குத் தினமும் கொடுத்து மனச்சோர்வில் சோதித்தார்கள். 2008 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

சிகிச்சை தொடங்கும் நாளில் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டைவிரல் எந்த வலுவில் துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். அதுவே அவருக்கான அளவுகோல். பிறகு சுருளைச் சில சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி, இடது முன்மூளையின் மேற்பக்கத்தில் நிறுத்துவார்கள். பழைய முறைப்படி நான்கு நொடி 'டக் டக் டக்' என்ற துடிப்பு, 26 நொடி ஓய்வு என்று 37 நிமிடம் ஓடும். மொத்தம் 3,000 துடிப்புகள். மரங்கொத்தி தலையில் கொத்துவதுபோல் இருக்கும். சத்தத்துக்காகக் காதில் அடைப்பான் தருவார்கள். முடிந்ததும் எழுந்து நடந்து போகலாம். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் இப்படி வர வேண்டும்.

தலைவலியும் சுருள் பட்ட இடத்தில் வலியும் சகஜம். நாளாக ஆகக் குறைந்துவிடும். வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. காதுக்குள் செவிக்கருவி பொருத்தியவர்கள், மூளை ரத்தக் குழாயில் உலோகக் கிளிப் போட்டவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. காந்தம் உலோகத்தைச் சும்மா விடாது.

பலன் எவ்வளவு?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை; சந்தேகப்படுகிறவர்கள் சொல்லும் அளவுக்குக் குறைவும் இல்லை. 2010-ல் அமெரிக்காவில் 190 பேரிடம் நடந்த ஆய்வில், நிஜச் சிகிச்சை பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கு நோய் ஏறக்குறைய முழுமையாக விலகியது. போலிச் சுருளின் கீழ் உட்கார்ந்தவர்களில் அது 5 சதவீதம். வித்தியாசம் நிஜம்தான், ஆனால் அடக்கமானது. 2018-ல் கனடாவில் 414 பேரிடம் நடந்த ஆய்வு இரண்டு முறைகளை ஒப்பிட்டது. 37 நிமிட முறையில் 27 சதவீதம் பேரும், 'தீட்டா பர்ஸ்ட்' என்ற மூன்று நிமிட முறையில் 32 சதவீதம் பேரும் நோயிலிருந்து விடுபட்டார்கள். 2024-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, மருந்துக்கு மேல் மருந்து மாற்றுவதையும் காந்தத்துக்குப் போவதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. மருந்து மாற்றியவர்களில் 5 சதவீதம் பேருக்கும் காந்தம் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் விலகியது.

இதற்கு நடுவே ஒரு விசித்திரமான முடிவும் வந்தது. 2018-ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 164 பேரிடம் நடந்த ஆய்வில் நிஜக் காந்தம் 41 சதவீதம் பேரைக் குணமாக்கியது. போலிக் காந்தம் 37 சதவீதம் பேரை. அதாவது ஏறக்குறைய சமம். காந்தம் வீண் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். ஆனால் மருந்துக்கு அசையாத நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் போலிச் சுருளின் கீழே எப்படிக் குணமானார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யமான கேள்வி. தினமும் ஒரு நேரத்துக்குக் கிளம்பி வருவது, தன்னைப் பெயர் சொல்லி விசாரிக்க ஒருவர் இருப்பது, வாரக்கணக்கில் யாரோ விடாமல் கவனிப்பது எல்லாமும் சிகிச்சையின் பகுதிதான் என்பது பல மனநல மருத்துவர்களின் கணிப்பு.

புத்தி திரும்புமா?

மனச்சோர்வை அழுகை, துக்கம் என்று மட்டும் நினைப்பது வழக்கம். கவனம் சிதறுவது, எண்ணம் மெதுவாவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்ப முடியாமல் போவது ஆகியவையும் நோயின் பாகம். 2014-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு கசப்பான விஷயம் தெரிந்தது. துக்கம் விலகிய பிறகும் பலருக்குக் கவனக் குறைவும் திட்டமிடுவதில் தடுமாற்றமும் மிஞ்சி நிற்கின்றன. சிரிக்க முடிகிறது, ஆனால் பழைய வேகத்தில் கணக்குப் போட முடிவதில்லை.

காந்தச் சிகிச்சையின் மீது இங்கேதான் ஒரு பெரிய நம்பிக்கை பிறந்தது. சுருள் குறிவைக்கும் இடது முன்மூளைப் பகுதி, மனச்சோர்வோடு தொடர்புடையது மட்டுமல்ல. ஒரு விஷயத்தை மனத்தில் தாங்கிக்கொண்டே இன்னொன்றைச் செய்ய உதவும் பகுதியும் அதுதான். அதையே தட்டி எழுப்பினால் புத்தியும் கூர்மையாகும் அல்லவா?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் இதற்கு விடை தேடினார்கள். நிஜச் சுருளையும் போலிச் சுருளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நடந்த ஞாபக, கவனச் சோதனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அலசினார்கள். பெரும்பாலான சோதனைகளில் காந்தத்தால் தனியான ஆதாயம் எதுவும் தெரியவில்லை. ஒரு வகைச் சோதனையில் மட்டும் சிறிய முன்னேற்றம் இருந்தது. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் 1, ஏ, 2, பி என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் சோதனை அது. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார் என்பதே மதிப்பெண். மனத்தின் வேகத்தையும் மாற்றிப் போடும் திறனையும் அளக்கும் சோதனை. அதில் கிடைத்த ஆதாயமும் அடக்கமானதுதான்.

மொத்தத்தில் மருத்துவர்கள் நோயாளியிடம் நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: காந்தம் புத்தியைக் கெடுப்பதில்லை. மனச்சோர்வு விலகும்போது அதோடு சேர்ந்து கவனமும் ஓரளவு திரும்பலாம். ஆனால் 'மூளையைக் கூர்மையாக்கும் சிகிச்சை' என்று இதை விற்பதற்கு ஆதாரம் இல்லை.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில எழுத்து வரிசை தெரியாதவரிடம் ஏ, பி சோதனையை நீட்டினால் அது மூளையை அளக்காது, படிப்பை அளக்கும். அதனால்தான் நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பில் எழுத்துகளுக்குப் பதிலாக நிறங்களை வைத்த சோதனை இடம்பெற்றது. வீட்டில் தமிழ், கடையில் கலப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டில் மலையாளம் என்று மூன்று உலகங்களில் வாழும் ஒருவருடைய ஞாபகத்தைச் சோதிக்கும்போது எந்த மொழியில் வார்த்தைப் பட்டியலை வாசிக்கிறார்கள் என்பதே மதிப்பெண்ணை மாற்றிவிடும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே மொழியில், அதுவும் அவருடைய மொழியில் சோதித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

கரண்ட் பயம்

'மூளைக்குச் சிகிச்சை' என்றதும் தமிழ், மலையாள சினிமா பார்த்து வளர்ந்தவர்களின் கண் முன் வருவது வாயில் துணி அடைத்து, கை காலைப் பிடித்துக்கொண்டு கரண்ட் வைக்கும் காட்சி. காந்த சிகிச்சை அது அல்ல. அதைவிட முக்கியமாக, இன்றைய ஈசிடியும் அது அல்ல. 1938-ல் ரோம் நகரில் தொடங்கிய மின்சிகிச்சை இப்போது மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்திய பிறகே தரப்படுகிறது. அப்படியல்லாமல் தருவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பலத்தில் ஈசிடிக்கு நிகர் இன்னும் வரவில்லை. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திலிருந்து மீள முடியாதவர், இல்லாத குரல்கள் கேட்கும் அளவுக்குப் போனவர் ஆகியோருக்குக் காந்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு வாரங்களைக் கழிப்பது ஆபத்து. அவர்களுக்கு ஈசிடி உயிர் காக்கும் சிகிச்சை. அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது ஞாபகத்தில் ஒரு பங்கு. 84 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ம் ஆண்டின் அலசல், ஈசிடிக்குப் பிந்தைய மந்தம் பெரும்பாலும் முதல் சில நாட்களோடு முடிந்துவிடுகிறது என்றும், இரண்டு வாரத்துக்குப் பின் பல திறன்கள் சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட மேலாகின்றன என்றும் கண்டது. ஆனால் சொந்த வாழ்க்கையின் ஞாபகங்கள் வேறு கதை. சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் நினைவுகள் சிலருக்கு ஓட்டையாகவே நின்றுவிடுகின்றன. மகள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது எந்தச் சோதனைத் தாளிலும் இருக்காது. தாய்க்கு அது போனால் போனதுதான்.

காந்தத்தின் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில். மாத்திரை போதவில்லை, ஈசிடி அவசரமும் இல்லை என்ற நிலையில், ஞாபகத்தை அடகு வைக்காமல் முயன்று பார்க்கக்கூடிய ஒன்று.

வசப்படாததா, தொடப்படாததா?

கேரளத்தின் கிழக்கு விளிம்பில் தமிழ் பேசும் ஊர்கள் இரண்டு கொத்தாக இருக்கின்றன. வடக்கே பாலக்காடு மாவட்டத்தில் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரம். தெற்கே இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, உடும்பஞ்சோலை, குமுளி. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கோடு இவர்களுக்குக் கிழக்கே விழுந்தது. உறவும் பேச்சும் ஒரு பக்கம், ரேஷன் கார்டு மறுபக்கம்.

இந்த ஊர்களில் 'எளிதில் வசப்படாத மனச்சோர்வு' என்ற பெயரை ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அதை வசப்படுத்த யாராவது முயன்றார்களா என்பது. கேரளமும் தமிழ்நாடும் உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை. இரண்டு மருந்து தோற்ற பிறகு வருவது காந்தம். பெரும்பாலானவர்களுக்கு முதல் மருந்தே தொடங்கவில்லை.

தொடங்கியவர்களிலும் பலருக்கு அது முறையாக நடப்பதில்லை. மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். சரியான அளவில் ஆறு வாரமாவது சாப்பிட்டால்தான் அது தோற்றதா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் 'இது கேட்கவில்லை' என்று நிறுத்திவிட்டால் அது தோற்ற மருந்து ஆகாது. தைராய்டு குறைவு, ரத்த சோகை, கணக்கில் வராத குடி ஆகியவையும் நோயை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும். இடையிடையே அளவு மீறிய உற்சாகம் தலைகாட்டியிருந்தால் அது வேறு நோய். அதற்கு மருந்தும் வேறு. இவற்றை எல்லாம் சோதிக்க ஒரு ரத்தப் பரிசோதனையும் அரை மணி நேரப் பேச்சும் போதும். காந்தத்தைவிட மலிவு.

அந்த அரை மணி நேரம் எந்த மொழியில் என்பதும் முக்கியம். எல்லையோர ஆஸ்பத்திரிகளில் மலையாள டாக்டருக்குத் தமிழ் புரியாது என்பதில்லை. மருந்துச் சீட்டுக்குத் தேவையான அளவு புரியும். ஆனால் மனச்சோர்வு வார்த்தைகளுக்குள் ஒளிந்திருக்கும் நோய். எஸ்டேட்டிலிருந்து வருகிறவர் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'ஒரே அசதி', 'தலை கனமா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'தூக்கம் வரலே' என்பார். மலையாளத்தில் இந்த நோய்க்குப் பெயர் 'விஷாதரோகம்'. தமிழ்ப் பத்திரிகைகளில் 'மன அழுத்தம்'. அந்த வார்த்தையோ சாதாரண வேலைப் பளுவுக்கும் பயன்படுகிறது. மூன்றுக்கும் நடுவில் நோய் நழுவி, கையில் ஒரு சத்து டானிக்கோடு திரும்பிவிடுகிறது.

துயரத்துக்குக் காரணம் தேடி இங்கே வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் மூணாறு தொழிலாளிப் பெண்கள் தெருவுக்கு வந்தபோது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் அது 301 ஆனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தலைமுறைகளாகத் தொடரும் கவலை. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததில் 70 பேர் உயிரிழந்தார்கள். துயரம் எல்லாம் நோய் ஆகிவிடாது. ஆனால் இழப்பும் நிச்சயமின்மையும் நோய்க்கு வழி திறந்துவிடுகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் கேரளத்தில் லட்சம் பேரில் 28.5 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தேசிய சராசரி 12.4. படிப்பிலும் ஆஸ்பத்திரிகளிலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் இன்னொரு முகம் இது.

முப்பது நாள் கணக்கு

இத்தனையும் சோதித்து, மருந்தும் முறையாகச் சாப்பிட்டு, அப்படியும் அசையாதவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். காந்தம் அவர்களுக்கானது. இங்கேதான் இரண்டு எல்லைகளும் பிரிகின்றன.

பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையே வழி விட்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்காரர் கணவாய் வழியே பஸ் ஏறினால் கோயம்புத்தூர் பக்கம்தான்; மறுபுறம் திருச்சூரும் எட்டாத தூரம் இல்லை. இடுக்கி மாவட்டத்திலோ ரயில் பாதையே கிடையாது. மூணாறிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கி.மீ.; கிழக்கே இறங்கினால் போடி வழியாகத் தேனி. எந்தப் பக்கம் போனாலும் கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் மண்சரிவு. போக வர ஒரு பகல் போய்விடும்.

ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். மொத்தம் 30 நாள். 30 நாள் கூலி போகிறது. துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய கூலியும். தினம் போய் வர முடியாது என்பதால் நகரத்தில் தங்க வேண்டும். 37 நிமிடம் மூன்று நிமிடமாகச் சுருங்கியது பெரிய முன்னேற்றம்தான். ஒரே கருவியில் ஒரு நாளில் பல மடங்கு நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனால் மிச்சமானது கருவியின் நேரம். மலையிலிருந்து வருகிறவருக்கு மூன்று நிமிடத்துக்கும் அதே பஸ், அதே பகல்.

அவருக்கு உண்மையில் உதவக்கூடியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான அவசர முறை. ஒரு நாளைக்கு மணிக்கு ஒன்றாகப் பத்து முறை, ஐந்தே நாள். 2022-ல் வெளியான ஆய்வில் நிஜச் சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதம் பேருக்கு அடுத்த நான்கு வாரத்துக்குள் நோய் விலகியது. போலிச் சுருளில் அது 13 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 29 பேர்; சுருளை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கத் தனியாக ஒரு மூளை ஸ்கேனும் வேண்டும். 30 நாளை ஐந்து நாளாக்கும் முறை மலிவாக, ஸ்கேன் இல்லாமல் பலன் தருமா என்பதுதான் மூணாறு, மறையூர் போன்ற ஊர்களுக்கு நிஜமாகவே முக்கியமான ஆராய்ச்சிக் கேள்வி.

காகிதத்தில் பாதை திறந்தே இருக்கிறது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டின் சட்டம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் ஈசிடியோடு டிஎம்எஸ்ஸும் இடம்பெற்றிருக்கிறது. கேரளத்தின் காருண்யா காப்பீடு அந்தத் திட்டத்தோடு இணைந்து நடப்பது. ஆனால் கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்குத் தமிழ்நாட்டு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் பொருந்தாது. மொழி புரியும் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், கார்டு செல்லும் ஆஸ்பத்திரி மறுபக்கம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தேனியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த மூன்று இடங்களில் காந்தச் சுருளோடு, தமிழும் மலையாளமும் பேசும் ஒரு ஊழியரும், நோயாளியும் துணையும் தங்க இரண்டு கட்டிலும் இருந்தால் எல்லைக் கணக்கில் பாதி தீர்ந்துவிடும்.

மிச்சப் பாதி அவரவர் ஊரிலேயே தீரக்கூடியது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், மருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். பேச்சு கிடைக்காதவர்களில் 39 சதவீதம். கேரளத்தின் 'ஆஸ்வாசம்' திட்டம் இதே பாதையில் குடும்ப சுகாதார மையங்களிலேயே மனச்சோர்வைக் கண்டறிய முயல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனாஸ்' எண் 14416-ஐ எந்த எஸ்டேட்டிலிருந்தும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டிய எண்ணும் இதுதான்.

முதல் மருந்தே முறையாகக் கிடைக்காதவரைக் காந்தத்துக்கு அனுப்புவதில் அர்த்தம் இல்லை. முறையாகச் சாப்பிட்டும் அசையாதவருக்கு, ஞாபகம் போகாது என்று தைரியம் சொல்லி அனுப்பலாம். புத்தி கூடும் என்று ஆசை காட்டக் கூடாது. அனுப்பும்போது பஸ்ஸுக்கும் தங்கும் இடத்துக்கும் முப்பது நாள் கூலிக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். அதையும் செய்துவிட்டால், சிகிச்சை பலித்ததா என்று பார்க்க நிறச் சோதனை வரை காத்திருக்க வேண்டாம். சாயங்காலத் தராசில் தெரிந்துவிடும்.